ஜூலை பதினான்கு கட்டு

1976-இல் மதுரையில் ஒரு மாலைப் பத்திரிகையில் நான் அச்சுக்கோப்புப் பிரிவின் ஃபோர்மேன். எமர்ஜென்சி நேரம். பக்கத்தைக் கோத்ததும் புரூஃப் எடுத்து சென்சார் அதிகாரிக்கு அனுப்ப வேண்டும். அவர் அடித்ததை எடுத்துவிட வேண்டும். எடுத்த இடத்தை வெள்ளையாகவும் விடக்கூடாது, அதுவே எதிர்ப்பு என்பார்கள்.

ஜூலை பதினான்கு, மத்தியானம் ஒரு மணி. தண்ணீர் கேட்டுப் பெண்கள் குடத்தோடு சாலையை மறித்த செய்தியை அடித்து அனுப்பிவிட்டார்கள். இரண்டு மணிக்கு மெஷின் ஓட வேண்டும். முதல் பக்கத்தில் ஓட்டை.

எங்கள் பத்திரிகையில் முன்பு 'இதே நாளில்' என்றொரு பகுதி வந்துகொண்டிருந்தது. அந்தந்தத் தேதியில் உலகத்தில் நடந்தவற்றை உதவி ஆசிரியர் குபேந்திரன் எழுதியிருந்தார். வரலாறு வருஷத்துக்கு வருஷம் மாறாதே! அதனால் கோத்த எழுத்தைப் பிரிக்காமல் நூலால் கட்டி, தேதிச் சீட்டு ஒட்டி ரேக்கில் வைத்துவிடுவோம். மறுவருஷம் அதையே எடுத்துப் போடுவோம். அதற்கு மறுபடி புரூஃப் எடுக்கும் வழக்கமே கிடையாது.

மறுபடி சென்சாருக்கு அனுப்பி வாங்க நேரமில்லை. அன்றைய தேதிக் கட்டை உருவி, பக்கச் சட்டத்தில் போட்டு முடுக்கினேன். ஈயத்தில் எழுத்து இடவலம் மாறி இருந்தாலும் எனக்குச் சரளமாகப் படிக்க வரும். ஆனாலும் படிக்கவில்லை.

பண்டல்கள் போன பிறகு தயிர்ச்சோற்றைப் பிசைந்துகொண்டே பேப்பரைப் பார்த்தேன். 'இதே நாளில் பாரிஸ் மக்கள் திரண்டு சிறையை உடைத்தார்கள். மன்னராட்சி ஆட்டம் கண்டது.' சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். ஊரில் பாதித் தலைவர்கள் ஜெயிலில் இருந்த நேரம் அது.

சைக்கிளை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பறந்தேன்.

"வாடிப்பட்டிக் கட்டு அப்பவே போயிருச்சுண்ணே," என்றார் ஏஜென்ட். "எதுக்கு இம்புட்டு வேர்க்குது ஒங்களுக்கு?"

சைக்கிளைத் திருப்பினேன். அன்று ராத்திரி வீட்டில் கதவு தட்டும் சத்தம் கேட்கும்போதெல்லாம் பின்வாசலைப் பார்த்தேன்.

மறுநாள் காலை பத்து மணிக்கு ஆபீஸுக்குப் போலீஸ் ஜீப் வந்தது. இரண்டு பேர் நேராக உள்ளே வந்து பேப்பரை மேஜையில் போட்டார்கள்.

"இத எழுதுனது யாரு?"

"நாந்தான் சார். ரெண்டு வருசத்துக்கு முந்தி எழுதுனது," என்றார் குபேந்திரன்.

"நேத்து போட்டது யாரு?"

குபேந்திரன் என்னை ஒரு தடவை பார்த்தார். நான் கோத்துக்கொண்டிருந்த வரி கைநழுவித் தரையில் கொட்டியது. வாயைத் திறந்தால் எனக்கு வேலை போகும், ஜெயில் நிச்சயம் என்று மட்டும் மனதில் ஓடியது. குனிந்து எழுத்தைப் பொறுக்க ஆரம்பித்தேன்.

"அதுவும் நாந்தான்," என்றார் அவர்.

அவரைக் கூட்டிப்போய் நாலு நாள் வைத்திருந்து விடுவித்தார்கள். அந்த நாலு நாளும் அவர் மனைவி கைக்குழந்தையோடு ஆபீஸ் வாசலில் நின்றார். நான் பின்பக்கமாக வந்துபோனேன்.

திரும்பி வந்தவரிடம், "அண்ணே, நான் சொல்லியிருக்கணும்," என்றேன்.

"சொல்லியிருந்தா ரெண்டு பேரையும்ல கூட்டிட்டுப் போயிருப்பாங்ய. விடு மாப்ள, வேலையப் பாரு," என்றார். ஏசியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

பழைய மேட்டரானாலும் புதுப் புரூஃப் எடுத்துப் படியுங்கள் என்று ரிட்டயர் ஆகும்வரை எல்லோருக்கும் சொன்னேன். ஏன் என்று கேட்டவர்களிடம் கதையைப் பாதி வரைதான் சொல்வேன். நான் குனிந்து எழுத்துப் பொறுக்கியதை இன்றைக்குத்தான் எழுதுகிறேன்.