பன்வில முதல் தெல்தெனிய வரை: யாரும் மறிக்காத நாற்பத்திரண்டு கிலோமீற்றர்

ஏன் ஓடுகிறாய் என்று என்னை முதன்முதலில் கேட்டது வைத்தியரும் இல்லை, சொந்தக்காரரும் இல்லை. காலிமுகத்திடலில் காவலுக்கு நின்ற ஒரு பொலிஸ்காரர்தான் கேட்டார். காலை ஐந்தே முக்கால் இருக்கும். "யாராவது துரத்துகிறார்களா?" என்றார் சிங்களத்தில். இல்லை என்றேன். "அப்படியென்றால் ஏன் ஓடுகிறீர்கள்?" அடையாள அட்டையை எடுத்துக் கொடுத்தேன். பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்பதை இரண்டு தடவை வாசித்தார். அன்றைய ஓட்டம் அத்தோடு சரி.

இந்த வலைப்பூவுக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்கு என்னைப் பற்றி இரண்டு வரி. வெள்ளவத்தையில் ஒரு அறையில் வாடகைக்கு இருக்கிறேன், கட்டட வரைபடம் வரைகிற வேலை, வயது முப்பத்தெட்டு. இரண்டு வருடமாக ஓடுகிறேன். பக்கத்தில் குண்டு வெடித்தாலும் ஓடாதே, நட என்று எங்கள் ஆட்கள் ஒருவருக்கொருவர் சொல்லிவைத்திருக்கிற யுத்தகாலத்தில் இது கொஞ்சம் விசர்ப் பழக்கம்தான். மூன்று கிலோமீற்றருக்குள் யாராவது ஒருவர் கையை நீட்டுவார். நீட்டிய கையில் அட்டையை வைப்பேன். அவர் வாசிக்கும்வரை கடலைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். உடம்பு சூடேறும் நேரம் பார்த்து நிற்பதைப் போல எரிச்சல் வேறில்லை.

அதனால்தான் கண்டிப் பக்கம் ஒரு சின்ன மலைப்பாதை மரதன் நடக்கப்போகிறது என்று மின்னஞ்சல் வந்ததும் யோசிக்காமல் பெயர் கொடுத்தேன். பன்விலவில் தொடக்கம், தேயிலைத் தோட்டங்களூடாக ஏறி இறங்கி, விக்டோரியா நீர்த்தேக்கத்தைப் பார்த்தபடி தெல்தெனியவில் முடிவு. 42 கிலோமீற்றர், கட்டணம் 600 ரூபா, வழியில் வருகிற மூன்று காவலரண்களுக்கும் முன்கூட்டியே அறிவித்தாயிற்று, இலக்கத்தைக் குத்திக்கொண்டு ஓடுபவர்களை யாரும் மறிக்கமாட்டார்கள் என்று எழுதியிருந்தது. அந்தக் கடைசி வரியை எத்தனை தடவை வாசித்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. முதலாவதாக வருவதோ பதக்கமோ எனக்குப் பொருட்டில்லை. வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை, தொடங்கிய இடத்திலிருந்து முடிகிற இடம்வரை, ஒருவரும் நிற்பாட்டாமல் ஓடிப் பார்க்கவேண்டும். அவ்வளவுதான்.

சனிக்கிழமை காலை 8.10க்குக் கொழும்பிலிருந்து ஏசி பஸ், 190 ரூபா. 116 கிலோமீற்றருக்கு மூன்று மணி நாற்பது நிமிடம் எடுத்தது, இடையில் இரண்டு தடவை சோதனைக்காக இறக்கி ஏற்றினார்கள். அம்பிட்டியவில் அலுவலகத் தோழி ஒருத்தியின் வீட்டு மேல்மாடியில் தங்கினேன். கீழே கண்டி நகரம் முழுக்கத் தெரியும் இடம், ஆனால் நான் எதையும் ஒழுங்காகப் பார்க்கவில்லை. சப்பாத்துக் கயிற்றை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தேன். அட்டையைச் சின்னப் பொலித்தீன் பையில் போட்டு இடுப்புப் பையில் வைத்தேன், பிறகு எடுத்துப் பார்த்தேன், பிறகும் வைத்தேன்.

ஞாயிறு காலை 4.40க்கு ஓட்டோ வந்தது. பன்விலவுக்கு ஏறத்தாழ முப்பது கிலோமீற்றர், 1200 ரூபா பேசியிருந்தேன். ஓட்டியவர் அக்குறணைப் பக்கத்து முஸ்லிம் நானா ஒருவர். ஏறியதும் முதல் கேள்வி அடையாள அட்டையைப் பற்றித்தான், "ஐசி ஈக்குதா தங்கச்சி?"

"ஓம் நானா, இருக்கு."

"எதுக்கு இந்த நேரத்துல பன்வில?"

"ஓட."

கண்ணாடியில் என்னை ஒரு பார்வை பார்த்தார். "ஓடுறதுக்கு ஓட்டோவுல போற ஆள இன்டைக்கித்தான் பாக்குறன்" என்றார். வத்தேகமை தாண்டும்வரை சிரித்துக்கொண்டே வந்தார்.

தொடக்க இடம் ஒரு சின்ன விளையாட்டு மைதானம். அறுபது பேர் இருப்போம், அதில் பெண்கள் ஏழு பேர். ஒரு நீள மேசை, அதில் வெள்ளைச் சட்டை போட்ட ஒரு மனிதர், பக்கத்தில் பிஸ்கட் டின். வரிசை வேகமாக நகர்ந்தது. என் முறை வந்ததும் அவர் நிமிராமலே கையை நீட்டினார். நானும் கொடுத்தேன், இலக்கத்தைத் தந்தார், 47. நெஞ்சில் குத்திக்கொள்ள ஊக்கு போதவில்லை. பக்கத்தில் நின்ற பெண் தன்னுடைய நான்கில் இரண்டைக் கழற்றித் தந்தாள். பெயர் செல்வராணி, இருபத்தாறு வயது, பன்விலத் தோட்டத்துப் பிள்ளை. கிழமை நாட்களில் குண்டசாலையில் ஒரு கார்மெண்டில் தைக்கிறாள், அங்கேயே போர்டிங்கில் தங்குகிறாள். "ரெண்டு ஊக்கு போதும்க்கா, காத்துல கொஞ்சம் ஆடும், அவ்வளவுதான்" என்றாள். என்னை விட வேகமாக ஓடக்கூடியவள் என்பது கெண்டைக்காலைப் பார்த்ததுமே தெரிந்தது.

6.30க்கு விசில். முதல் ஐந்து கிலோமீற்றரும் ஏற்றம், தேயிலைக்குள் கற்பாதை, வலதுபக்கம் நக்கிள்ஸ் மலைகள் மூட்டத்துக்குள் இருந்தன. ஞாயிறு என்பதால் கொழுந்து எடுப்பவர்கள் இல்லை. தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வாசல்களில் ஆட்கள் பிளேன்டீ கோப்பையோடு நின்று, இவ்வளவு பேரும் காசு கொடுத்தா ஓடுகிறார்கள் என்று சத்தமாகவே கேட்டுக்கொண்டார்கள். முதல் காவலரண் ஏழாவது கிலோமீற்றரில். வேகத்தைக் குறைத்தேன், யாரும் கேட்காமலே. துவக்கைத் தோளில் போட்டிருந்த சிப்பாய் கையை ஆட்டி "துவன்ன, துவன்ன" என்றான். ஓடு, ஓடு என்று சிங்களத்தில். நம்ப முடியாமல் ஓடினேன். அடுத்த பன்னிரண்டு கிலோமீற்றரும் பைன் மரங்களுக்குள், ஓடைக்கு மேலால், இறக்கத்தில் கைகளை அகல விரித்தபடி. எனக்குச் சிரிப்பு வந்துகொண்டே இருந்தது. சந்தோஷமாக இருந்தேன், வேறு எப்படிச் சொல்வது.

பத்தொன்பதாவது கிலோமீற்றரில் பாதை திரும்பி, இரண்டாவது காவலரண் தெரிந்தது. பழக்கதோஷத்தில் கை இடுப்புப் பைக்குப் போனது. பையில் அட்டை இல்லை.

அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. மேசையில் அந்த மனிதர் கையை நீட்டியது பதிவுத் துண்டுக்காக. துண்டு என் இடக்கையில் இருந்தது, அதையும் கொடுத்தேன். ஆனால் நீட்டிய கையைக் கண்டதும் வலக்கை தன்பாட்டில் அட்டையையும் எடுத்துக் கொடுத்திருக்கிறது! அவர் நிமிர்ந்து பார்க்காமல் இரண்டையும் சேர்த்து பிஸ்கட் டின்னுக்குள் போட்டிருக்கிறார். ஒருவரும் கேட்கவில்லை. நானாகக் கொடுத்தேன்.

நின்றுவிட்டேன். சிப்பாய் "துவன்ன" என்று கத்தினான். நான் அசையவில்லை. அட்டை இல்லாமல் அவனைக் கடக்க என் காலுக்குத் தெரியவில்லை. திரும்பி ஓடினால் பத்தொன்பது, முன்னே ஓடினால் இருபத்துமூன்று. அவன் ஏதோ கோளாறு என்று நினைத்திருக்கவேண்டும், அரணை விட்டு இரண்டடி முன்னால் வந்தான்.

பின்னால் சப்பாத்துச் சத்தம். செல்வராணி. முழங்கால் நோவால் அன்று அவள் மெதுவாக ஓடிக்கொண்டிருந்தாள், என் அதிர்ஷ்டம். "என்னாக்கா, கால் பிடிச்சிருச்சா?"

"ஐசி இல்லை. மேசையில குடுத்திட்டன். நான் திரும்பிப் போறன்."

"அதுக்கா நிக்கிறீங்க?" அவள் சிரித்தேவிட்டாள். "எனக்குப் பொறந்ததுல இருந்தே ஐசி இல்லக்கா. பொறப்புச் சான்றிதழ்ல அப்பா பேரு பிழை. அஞ்சு வருஷமா கச்சேரி ஆபீஸுக்கு அலையுறேன். கிராம சேவகர் கடிதம் ஒண்ணுதான், போட்டோ ஒட்டி. அதுவும் போர்டிங்ல கெடக்கு."

"அது இல்லாமல் எப்படி ஓடுறாய்?"

"காலாலதான். வாங்க, என் பின்னாலயே வாங்க. அவன் மூஞ்சிய மட்டும் பாக்காதீங்க."

அவளுடைய முதுகில் ஆடிக்கொண்டிருந்த பின்னலைப் பார்த்தபடியே ஓடினேன். சிப்பாய் ஒதுங்கி வழிவிட்டான். ஒன்றும் கேட்கவில்லை. அதன்பிறகு முப்பத்துநான்காவது கிலோமீற்றர்வரை விக்டோரியா நீர்த்தேக்கம் இடதுபக்கம் பச்சையும் நீலமுமாகக் கிடந்தது என்று சொல்கிறார்கள். எனக்கு ஞாபகம் இருப்பது செல்வராணியின் முதுகும், கையால் இடுப்புப் பையைத் தடவிக்கொண்டே இருந்ததும்தான். மூன்றாவது அரணிலும் நின்றேன். அங்கே அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். தெல்தெனியவில் பிற்பகல் 1.11க்கு முடிவுக் கோட்டைத் தாண்டினோம், 6 மணி 41 நிமிடம். பதக்கம் போட வந்தவரின் கையிலிருந்து அதைப் பிடுங்கிக்கொண்டு வெள்ளைச் சட்டைக்காரரைத் தேடினேன். டின் ஏற்பாட்டாளர்களின் வான் வண்டியில் வந்திருந்தது. அட்டையை எடுத்துத் தந்து, "இதை நான் கேட்கவே இல்லையே மிஸ்" என்றார். கன்னத்தில் அறைந்தமாதிரி இருந்தது.

போக நினைப்பவர்களுக்கு விவரங்களை இங்கேயே சொல்லிவிடுகிறேன், இதற்கப்பால் நான் சொல்லப்போவது ஓட்டத்தைப் பற்றியது இல்லை. முதல் ஐந்து கிலோமீற்றரை நடந்தாலும் குற்றமில்லை, சக்தியைச் சேமியுங்கள். தண்ணீர் ஆறு இடங்களில் உண்டு, 26க்கும் 33க்கும் இடையில் ஒரு சொட்டும் இல்லை, போத்தல் கட்டாயம். புதுச் சப்பாத்து வேண்டாம், இறக்கத்துக் கற்கள் நகத்தைப் பெயர்த்துவிடும். எனக்கு இரண்டு போயிற்று. ஊக்கு நான்கு கொண்டுபோங்கள். தெல்தெனியவிலிருந்து கண்டிக்கு ஏறத்தாழ இருபத்துநான்கு கிலோமீற்றர், பஸ் அரைமணிக்கு ஒன்று, 32 ரூபா.

அன்று 2.10 பஸ்ஸில் இருவரும் ஏறினோம். கண்டியில் புரியாணி வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தேன், அதனால் அவள் குண்டசாலையில் இறங்கவில்லை. மகாவலிப் பாலத்துக்கு முன்னால் உள்ள காவலரணில் எல்லோரையும் இறக்கினார்கள். நான் அட்டையை முதல் ஆளாக நீட்டினேன். கையில் இருக்கிறதே என்ற தைரியம். பொலிஸ்காரர் செல்வராணியைக் கண்டதும் "ஆ, ஓடுற நங்கி" என்று சிரித்தார். நங்கி என்றால் தங்கை. தினமும் விடியற்காலையில் இந்தப் பாலத்தால் ஓடுபவளாம். அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு என் அட்டையை வாசித்தார், பிறந்த இடத்தில் விரல் நின்றது. "ஒரு பக்கமாக நில்லுங்கள்" என்றார்.

நாள் முழுக்கத் தவித்து மீட்டெடுத்த அட்டை அது. என்னை மறித்ததும் அதுதான். பஸ் காத்திருந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது.

"எதற்காக வந்தீர்கள்?"

"ஓட."

"யாரிடமிருந்து?"

வேடிக்கையாகக் கேட்கவில்லை. பேனா தயாராக இருந்தது. சப்பாத்தையும் பதக்கத்தையும் காட்டினேன். பதக்கத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெள்ளவத்தையில் தங்கியிருப்பதற்கான பொலிஸ் பதிவுத்தாள் அம்பிட்டியவில் பைக்குள் இருந்தது. "இங்கே உங்களைத் தெரிந்தவர் யார்?"

"நான்" என்றாள் செல்வராணி சிங்களத்தில். அவள் பஸ்ஸில் ஏறாமல் நின்றதை அப்போதுதான் கண்டேன். "இது என் அக்கா."

பொலிஸ்காரர் அட்டையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். எங்கள் இருவரின் முகத்திலும் பேச்சிலும் ஒரு சொந்தமும் தெரியாது என்பது அவருக்கும் விளங்கியிருக்கும். தன்னிடம் ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லாதவள், காலையில் இரண்டு ஊக்கு கொடுத்த பழக்கத்தில் எனக்குப் பிணை நிற்கிறாள். மறித்து ஐம்பது நிமிடமானபோது கொப்பியில் என் பெயரை எழுதி, பக்கத்தில் ஓடுகிற தங்கையின் அக்கா என்று எழுதி, போகச் சொன்னார்.

கண்டிக்கு இன்னும் ஐந்து கிலோமீற்றர். "பஸ்ஸில போயிருக்கலாமே, ஏன் ஏறாமல் நின்றாய்?" என்றேன். "புரியாணி உங்க காசுதானக்கா" என்றாள்.

பாலத்தில் நடந்தோம். முதுகுக்குப் பின்னால் காவலரண் இருக்கும்போது ஓடக்கூடாது, அது எங்கள் இருவருக்கும் யாரும் சொல்லித் தராமலே தெரியும். பாலம் முடிந்து வீதி வளைகிற இடம்வரை கையை வீசாமல் நடந்தோம். வளைந்ததும் செல்வராணி திரும்பிப் பார்த்தாள். அரண் தெரியவில்லை.

"ஓடுவோமாக்கா?"

நகம் பெயர்ந்த காலோடு ஓடினேன். ஒரு எழுநூறு மீற்றர் இருக்கும், அடுத்த பஸ் தரிப்பிடம்வரை, சிரித்துக்கொண்டும் மூக்கைத் துடைத்துக்கொண்டும். நாற்பத்திரண்டு கிலோமீற்றரில் என்னை ஒருவரும் மறிக்கவில்லை, நானே இரண்டு தடவை நின்றேன். அந்த எழுநூறு மீற்றரில் நான் நிற்கவில்லை. அட்டை அப்போது எந்தக் கையில் இருந்தது, பையில் இருந்ததா என்பதுகூட எனக்கு ஞாபகம் இல்லை.