பழைய பெயரையும் சேர்த்து எழுதிய வரி

மோட்டாரை ‘ஆட்டோ’வில், அதாவது தானாக நிற்கும் நிலையில், போடாமல் அண்ணன் சாப்பிடப் போய்விட்டார் என்றே எங்கள் வீட்டில் எல்லோரும் நம்பினோம். என் நம்பிக்கை இரண்டு நாள்தான் நீடித்தது. அதன் பிறகு நம்புவதாகக் காட்டிக்கொண்டேன்.

மரக்காணம் உப்பளத்தில் அண்ணன் மோட்டார் பார்த்துவந்தார். முதல் பாத்தியில் உப்புநீர் நிரம்பியதும் மோட்டாரைத் தானாக நிறுத்தும் பெட்டி, சென்னையில் நான் வேலை பார்த்த சிறிய நிறுவனத்தில் செய்தது. அதன் நீர்மட்ட சென்சார் பழுதானதால் புதிய வகை ஒன்றைப் பொருத்தினார்கள். மறுநாள் மதியம் அண்ணன் சாப்பிட்டுத் திரும்பியபோது மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. வரப்பு உடைந்து நீர் அடுத்த பாத்திகளில் பாய்ந்து, வாருவதற்கு விளைந்து நின்ற உப்பெல்லாம் கரைந்திருந்தது. விடுப்பில் வந்திருந்த நானும் ஓடிப்போய்ப் பார்த்தேன்.

“ஏம்பா, ஆட்டோல போட்டியா, இல்ல போட்ட மாதிரி கனா கண்டியா?” என்றார் மேஸ்திரி.

“போட்டேங்க. போட்டேன்னுதான் நெனைக்கிறேன்.”

“நெனச்சா போதுமாடா? சோத்துக்குப் போற வழி மட்டும் மறக்கல பாரு” என்று அத்தனை பேர் முன்னிலையில் சொன்னவர் அப்பா. அவரும் அதே அளத்தில் உழைத்து மூத்தவர். அன்றே அண்ணனை மோட்டாரிலிருந்து எடுத்து, உப்புச் சுமக்க அனுப்பிவிட்டார்கள்.

சென்னை திரும்பியதும் அந்த சென்சாரைப் பழைய மென்பொருளோடு இணைத்துப் பார்த்தேன். எந்தக் கருவி மாட்டியிருக்கிறது என்பதைப் பெட்டிக்குச் சொல்லும் விவரக் கோப்பை எழுதுவது என் வேலை. புதிய கருவியின் பெயருக்குப் பின்னால் பழையதன் பெயரையும் சேர்க்கலாம். புதிய பெயரை அறியாத மென்பொருள், அதைப் பழையதாகவே எண்ணி இயக்கும். அப்படிச் சேர்ப்பது, புதியதும் பழையதைப் போலவே அளக்கும் என்ற வாக்குறுதி. நான் அதைப் பழைய மென்பொருளில் சோதிக்காமல் கொடுத்திருந்தேன். என் மேசையில் ஓடியது புதிய மென்பொருள், அளத்துப் பெட்டியில் இருந்தது பழையது. அதே நீர்மட்டத்துக்குப் புதிய சென்சார் தரும் எண், பழையது தருவதில் பாதி. ஆகவே நிரம்பி வழிந்த பாத்தியை அந்தப் பெட்டி அரைப் பாத்தி என்றே கண்டது.

பழைய பெயரை நீக்கினேன். மாற்றக் குறிப்பில் ‘தேவையற்ற பெயர் நீக்கம்’ என்று எழுதினேன். வேலை போய்விடும் என்று அஞ்சியதாக எனக்கே சொல்லிக்கொண்டேன். உண்மையில், வீட்டில் படித்தவள் என்று எனக்கிருந்த இடம் போய்விடுமே என்றுதான் அஞ்சினேன்.

அண்ணன் தன் நினைவையே நம்பாதவராக ஆனார். பஸ் நிறுத்தம் வரை போய், கதவைப் பூட்டினோமா என்று பார்க்கத் திரும்பி வருவார். “பூட்டு என்ன எழுந்து ஓடிடுமா?” என்று அண்ணி சிரிப்பார். நானும் கூடச் சிரித்திருக்கிறேன். எழுதும்போது கை கூசுவது இந்த இடத்தில்தான்.

சில வருடங்கள் கழித்து அப்பா இறந்தார்; அவருடைய பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகுதான் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

“அப்போ நான் போட்டுட்டுத்தான் போனேனா?”

“ஆமாண்ணா.”

“அப்பா இருக்கும்போதே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, பாப்பா” என்றார்.

அப்பா தம் மகனை மறதிக்காரன் என்று நம்பியபடியே போய்விட்டார். மேஸ்திரியும் இப்போது இல்லை. அண்ணனும் நானும் இருக்கிறோம்.