நான்கு மீட்டர் ஆழமும் ஒரு ‘குழப்பமும்’

பதினான்கு மாதம் கழித்து, மறுபடி தண்ணீருக்குள் இறங்கலாம் என்று மருத்துவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்தக் காகிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை கொச்சிக்குக் கிளம்பினேன். முதலில் நீச்சல்குளம்; எல்லாம் சரியாக இருந்தால் மறுநாள் தெற்கே போய்க் கடலில் பன்னிரண்டு மீட்டர். அந்தக் கடலுக்காகத்தான் இத்தனை மாதமும் காத்திருந்தேன்.

கோவையிலிருந்து எர்ணாகுளம் சுமார் இருநூறு கிலோமீட்டர், ரயிலில் நான்கு மணி நேரம். முன்பெல்லாம் நாங்கள் நான்கு பேர் போவோம். தண்ணீருக்குள் ஒவ்வொருவருக்கும் ஓர் இணை வேண்டும் என்பது, காற்று உருளையோடு ஆழத்தில் மூழ்கும் ஸ்கூபாவின் முதல் விதி. என் இணை பிரபு. நான் படுத்த பிறகு இரண்டு முறை வந்து பார்த்தான். அப்புறம் அவர்கள் மூவரும் அந்தமான் போன படங்களை வாட்ஸ்அப்பில் பார்த்துக்கொண்டேன். என்னை வற்புறுத்தக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில்தான் கூப்பிடாமல் விட்டிருப்பார்கள். ஆனாலும் வலித்தது.

எர்ணாகுளம் ஜெட்டியிலிருந்து மட்டாஞ்சேரிக்குப் படகில் அரை மணி நேரம். போன முறை தங்கிய அதே விடுதி, அதே மாடி அறை. வரவேற்பில் அதே லதா சேச்சி. பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பம், பிறந்து வளர்ந்தது மட்டாஞ்சேரி. அன்று என்னை மருத்துவமனைக்குக் கொண்டுபோனவர் இவர்தான்.

அந்தக் கதையைச் சொல்லியாக வேண்டும். ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வந்தால், உடம்பில் கரைந்திருக்கும் நைட்ரஜன், சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி குமிழ் குமிழாகக் கிளம்பும். அன்று தெற்கே கடலில், கடைசி ஐந்து மீட்டரில் நான் அவசரப்பட்டேன். படகில் ஏறியதும் இடது கையில் கடைசி இரண்டு விரல்கள் மரத்திருந்தன. பயிற்சியாளர் ஷாஜி, கொச்சிக்காரர், என் முகத்தைப் பார்த்து, “குழப்பம் உண்டோ?” என்றார். தலை தெளிவாகத்தானே இருக்கிறது, இதில் என்ன குழப்பம் என்று நினைத்து “இல்லை” என்றேன். மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் இல்லை. அப்படியே ரயிலேறி மட்டாஞ்சேரி வந்து சேர்ந்தபோது சட்டைப் பொத்தானைக் கழற்ற முடியவில்லை. லதா சேச்சி தலையில் கை வைத்துக்கொண்டார். “ஐயோ சாரே, இங்க குழப்பம்னா பிரச்சினையாக்கும்! எங்கயாவது வலிக்குதான்னு கேட்டிருக்கார்!” ஒரு சொல்லால் எட்டு மணி நேரம் போயிற்று. அதன் பிறகு காற்றழுத்தம் கூட்டிய அறையில் ஐந்து ஐந்து மணி நேரமாகப் பல நாட்கள் பிராணவாயு. பிறகு மாதக் கணக்கில் கைப் பயிற்சி.

நீச்சல்குளம் இடக்கொச்சியில் இருக்கிறது. மட்டாஞ்சேரியிலிருந்து எட்டு கிலோமீட்டர், ஆட்டோவுக்கு 250 ரூபாய் கொடுத்தேன். ஷாஜி வாசலிலேயே நின்றிருந்தார். தாடி நரைத்திருந்தது. நலம் விசாரிக்காமல் படிவத்தை நீட்டினார். நோய் விவரம் எல்லாம் எழுதினேன். ‘அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர்’ என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. இத்தனை வருடமும் பிரபு பெயரைத்தான் எழுதியிருக்கிறேன். காலியாக விட்டுக் கொடுத்தேன். ஷாஜி அந்த இடத்தைப் பார்த்துவிட்டுப் படிவத்தை மடித்து வைத்தார்.

பதினொன்று இருபதுக்கு இறங்கினோம். சும்மா சொல்லக் கூடாது, முதல் மூச்சிலேயே கண் கலங்கிவிட்டது. முகமூடிக்குள் அழுதால் துடைக்க வழியில்லை என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். நான்கு மீட்டர் ஆழத்தில் நீல ஓடுகள்மேல் மண்டியிட்டு என் குமிழிச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தேன். பதினைந்தாவது நிமிடத்தில் அந்த இரண்டு விரல்களில் லேசாக எறும்பு ஊறுவது போல இருந்தது. ஷாஜி விரல்களை வளையமாக்கிக் காட்டினார்: சரியாக இருக்கிறாயா? நானும் வளையம் காட்டினேன். பொய்தான். மனம் முழுக்க மறுநாள் கடல்.

மேலே வந்து படிக்கட்டைப் பிடித்ததும் ஷாஜி முகமூடியைக் கழற்றிவிட்டு, பரீட்சைக்கு மனப்பாடம் செய்த பையனைப் போல நிறுத்தி நிறுத்திக் கேட்டார்.

“சாரே, எங்கயாவது வலி இருக்கா? விரல் மரத்துப் போச்சா?”

தமிழ். யாரிடம் கற்றீர்கள் என்றேன். “லதா சேச்சி சொல்லித் தந்தது,” என்றவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, “அன்னிக்கு நான் வேற மாதிரி கேட்டிருக்கணும்,” என்றார்.

பதினான்கு மாதமாக இந்த மனிதர் அந்தக் கேள்வியைத் திருத்திக்கொண்டிருந்திருக்கிறார். இல்லை என்று சொன்னால் நாளை கடல் என்று எனக்குத் தெரியும். அவரிடம் மறுபடி அதையே சொல்ல வாய் வரவில்லை.

“குழப்பம் உண்டு, சேட்டா,” என்றேன்.

அவ்வளவுதான், கடல் போயிற்று. பிராணவாயு முகமூடியை மாட்டி, மருத்துவருக்குப் போன் செய்து, தன் வண்டியிலேயே கலூர் மருத்துவமனைக்கு அழைத்துப்போனார். ஊசியால் குத்திப் பார்த்தார்கள், கோட்டின்மேல் நடக்கச் சொன்னார்கள். நான்கு மீட்டரில் இந்த நோய் வர வாய்ப்பு மிகக் குறைவு, முன்பு அடிபட்ட நரம்பு குளிரில் முனகியிருக்கலாம் என்றார் மருத்துவர். ஆனாலும் இன்னும் மூன்று மாதம் காத்திருந்து மறுபடி பரிசோதிக்க வேண்டும்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. இந்த நோய் வந்தவர்கள், ஆழ்நீர் மருத்துவம் தெரிந்த மருத்துவர் பார்க்காமல் குளத்தில்கூட இறங்காதீர்கள். கடலில் இறங்கிய மறுநாளே மூணாறு ஏறும் வழக்கம் நம்மவர்களுக்கு உண்டு. மலையும் விமானமும் ஒன்றுதான், உயரே போனாலும் அதே குமிழ் கிளம்பும்; ஒரு முழு நாளாவது தள்ளிப்போடுங்கள். கேரளத்தில் யாராவது குழப்பம் உண்டோ என்று கேட்டால், உடம்பைத் தடவிப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

கலூரிலும் ஒரு படிவம் கொடுத்தார்கள், அதிலும் அதே ‘அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர்’ இடம். நான் காலியாக விட்டு வைத்ததை ஷாஜி வாங்கி, ஏதோ எழுதி மேசையில் கொடுத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அதன் நகல் இப்போது என்னிடம் இருக்கிறது. போன் எண்ணுக்கு மேலே மலையாளத்தில் ஒரு பெயர். எனக்கு மலையாளம் படிக்கத் தெரியாது, ஆனால் அது யார் என்று தெரியும்.