மோகன் போட்டதாக நாங்கள் நினைத்த கழித்தல் குறி

மோகன் இறந்துவிட்டாராம். காலையில் பழைய ஒபிஸ் வட்ஸ்அப் குரூப்பில் ஒரே ஒரு வரி... "கம்பளை மோகன் காலமானார், நாளைக்கு அடக்கம்."

எந்த மோகன் என்று டைப் பண்ணி, அனுப்பாமல் அழித்தேன். எங்களுக்கு இருந்தது ஒரே மோகன்தான்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கண்டியில் ஒரு ஆராய்ச்சிப் பிரிவில், ஒரே அறையில், ஏழு வருசம் நாங்கள் இரண்டு பேரும் வேலை செய்தோம்.

பனியுகத்தில் கனடா, சுவீடன் பக்கமெல்லாம் மலை உயரத்துக்குப் பனி கிடந்தது. அந்தப் பாரத்தில் அமுங்கிய நிலம், பனி உருகிப் பல ஆயிரம் வருசமாகியும் இன்னும் மெல்ல மெல்ல மேலே வந்துகொண்டிருக்கிறது.

எந்தக் காலத்தில் எங்கே எவ்வளவு பனி, நிலம் எவ்வளவு உயரம், கடல் எதுவரை... இதையெல்லாம் கம்ப்யூட்டரில் கணக்கிடும் மொடல்தான் எங்கள் வேலை. வெளிநாட்டு டீம் ஒன்றோடு சேர்ந்து செய்தோம்.

ஐஸை ஃப்ரிட்ஜில் மட்டும் பார்த்த இரண்டு பேர். நான் பஸ்லியா, பிலிமத்தலாவைக்காரி. அவர் கம்பளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்.

பனிக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கன்ரீனில் ஒருநாள் யாரோ கேட்டார்கள். "அந்தப் பனி இருந்தப்போ கடல் ரொம்பக் கீழ இருந்துச்சு. இந்தியாவுல இருந்து மன்னாருக்கு நடந்தே வந்திருக்கலாம்" என்றார் மோகன். "தோட்ட வேலைக்கு வந்த எங்க ஆளுங்க கொஞ்சம் லேட்டாக் கிளம்பிட்டாங்க, தோணி ஏற வேண்டியதாப் போச்சு."

சிரிக்காமல் சொல்லிவிட்டு பணிஸை பிளேன்டீயில் தோய்த்துக்கொண்டிருந்தார். சிரிப்பதா வேண்டாமா என்று எங்களுக்குத்தான் தெரியவில்லை.

அப்புறம் அந்தப் பிழை... பழைய ஆட்கள் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும்.

எங்களுக்கு வரும் சில பைல்களில் நிலம் எவ்வளவு உயர்ந்தது என்று இருக்கும். சிலவற்றில் அதே இடத்தில் கடல் எவ்வளவு ஏறியது என்று இருக்கும். நிலம் உயர்ந்தால் கடல் இறங்கியதுபோல் ஆகும் அல்லவா, அதனால் ஒன்றை மற்றதாக மாற்ற முன்னால் ஒரு கழித்தல் குறி போட வேண்டும்.

அந்தக் குறி எங்கள் புரோகிராமில் இரண்டு தடவை விழுந்துவிட்டது. கழித்தலுக்குக் கழித்தல்... உயர வேண்டிய கனடா முழுதும் தாழ்கிறது என்று ஒரு மெப்பை வரைந்து அனுப்பிவிட்டோம்.

வெளிநாட்டு டீமிடமிருந்து ஈமெயில் வந்தது. டைரக்டர் மீட்டிங் வைத்து, யார் செய்த வேலை இது என்று கேட்டார்.

நான் கீழே பார்த்துக்கொண்டிருந்தேன். "நான்தான் சேர்" என்றார் மோகன்.

அப்பாடா என்று இருந்தது எனக்கு. அதையும் சொல்லிவிட வேண்டும்.

அடுத்த மாதம் சுவீடனில் ஒரு மாநாடு, அதற்கு மோகன் போவதாக இருந்தது. நிலம் உயர்ந்து உயர்ந்து பழைய கடற்கரைகள் காட்டுக்கு நடுவே நிற்கும், அதைக் காட்டக் கூட்டிப்போவார்கள்... அவர் பாஸ்போர்ட்டும் எடுத்து மேசை லாச்சிக்குள் வைத்திருந்தார்.

டைரக்டர் பெயரை மாற்றினார். நான் போனேன்.

திரும்பி வந்து, அந்தக் காட்டிலிருந்து எடுத்த ஒரு உருண்டைக் கல்லை அவர் மேசையில் வைத்தேன். "உங்கட கழித்தலுக்கும் சேத்து மன்னிப்புக் கேட்டுட்டு வந்தேன், தேங்க்ஸ் செல்லுங்க" என்று பகிடி வேறு.

அவர் கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நெசமாவே காட்டுக்குள்ளயா கெடந்துச்சு, பஸ்லியா? கடல் பக்கத்துல இல்லையே?"

பிறகும் எத்தனையோ தடவை கேட்டார். போட்டோ அனுப்பினேன்தானே என்று நான் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே சொல்லியிருக்கிறேன்.

இன்று இந்தப் பதிவுக்கு அவருடைய படம் ஒன்று தேடி, பழைய ஹார்ட் டிரைவைத் திறந்தேன். படம் கிடைக்கவில்லை. திருத்துவதற்கு முந்திய அந்தப் புரோகிராம் கிடைத்தது.

எங்கள் அறையில் ஒரு வழக்கம் இருந்தது. யார் ஒரு வரியை மாற்றினாலும் பக்கத்தில் பெயரின் முதலெழுத்தும் திகதியும் போட வேண்டும்.

முதல் கழித்தல் மோகனுடையது. அது சரியானது. இரண்டு நாள் கழித்து, அதைப் பார்க்காமல் இன்னொன்று போட்டிருப்பது... என் எழுத்து.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிழையைத் தேடிக் கண்டுபிடித்தவரும் அவர், திருத்தியவரும் அவர், நான் அந்தப் பைலைப் பிறகு திறக்கவே இல்லை. அப்படியானால் என் எழுத்தைப் பார்த்துவிட்டுத்தானே மீட்டிங்குக்கு வந்திருக்கிறார்?

எனக்கு அப்போது வேலை நிரந்தரமாகவில்லை. அதற்காகவா? அல்லது அவசரத்தில் கவனிக்கவே இல்லையா? இவ்வளவு வருசம் பக்கத்துக் கதிரையில் இருந்துகொண்டு ஒரு வார்த்தை சொல்லாமல் எப்படி இருந்தார்?

காலையிலிருந்து அந்த வரியை எத்தனை தடவை திறந்து பார்த்தேனோ... எழுத்து மாறவில்லை.

அவருடைய மனைவிக்குப் போன் எடுத்தேன். சும்மா அழுதேன். "ஒங்க கல்லு இங்க வீட்டு மேசையிலதான் இருக்கு மிஸ்" என்றார் அவர், "தொடைக்கிறப்போகூட எங்கள எடுக்க விடமாட்டார்."

கனடாவைக் கடலில் முக்கிய மோகன் என்று அவரைப் பகிடி பண்ணியவர்கள் எல்லோரும் இந்தப் பதிவை வாசிப்பீர்கள். நானும் பண்ணியவள்தான்.

அது மோகன் இல்லை. நான்.

நாளைக்குக் காலையில் கம்பளைக்கு வருகிறேன் மோகன்.

ஓ... காட்டுக்குள்ளேதான் கிடந்தது. சுற்றிப் பைன் மரங்கள், கால் வைத்த இடமெல்லாம் அதே உருண்டைக் கற்கள், கடல் கண்ணுக்கே தெரியவில்லை.

நீங்கள் பார்த்திருக்க வேண்டிய இடம்.

போயிட்டு வாங்க.