உப்புப் போட்டுத்தான் தின்பேன்

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். வீட்டுக்கு நாலு பேர் வந்தால் அடுக்களையிலிருந்து தலையை மட்டும் நீட்டுவேன். எனக்காகப் பேசுவதெல்லாம் என் நாத்தனார்தான். டாக்டரிடம், கடைக்காரரிடம், ஏன், என் மகனிடம்கூட.

வாலிபத்தில் எனக்கு மனசு கெட்டுப்போயிருந்தது. தூங்காமல் தெருத்தெருவாகப் பேசிக்கொண்டு திரிவேனாம். பிறகு மாதக்கணக்கில் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடப்பேனாம். லித்தியம் மாத்திரைதான் என்னை எழுப்பி உட்கார வைத்தது. இன்றுவரை போடுகிறேன். இதில் வெட்கப்பட எனக்கு ஒன்றுமில்லை.

போன ஆடியில் அம்மன் கோயில் தபசுத் திருவிழாவுக்குக் கொடியேறியதும், மருமகளுக்குப் பிள்ளை வேண்டி வீடே உப்பில்லாமல் சாப்பிட வேண்டும் என்று நாத்தனார் நேர்ந்துகொண்டாள். நானும் தலையாட்டினேன். உப்பில்லாத சோறு இறங்குமா? பாதி வயிறுதான். தண்ணீரும் சரியாகக் குடிக்கவில்லை. ஆறாம் நாள் வாந்தி, பேதி. மாத்திரையால் எப்போதும் விரல் லேசாக நடுங்கும். அன்று தம்ளரைப் பிடிக்க முடியாமல் கையே உதறியது. கால் பின்னியது. பேச்சு குழறியது.

"பழையபடி கிளம்பிட்டுலே இவளுக்கு," என்றாள் நாத்தனார் என் மகனிடம். "இன்னொரு மாத்திரையைக் குடு."

வாங்கி விழுங்கினேன். அந்த மடத்தனத்தில் எனக்கும் பங்குண்டு.

மறுநாள் ஆஸ்பத்திரி. நர்சிங் படிக்கிற பிள்ளை ஒருத்தி நோட்டோடு வந்தாள். நாத்தனார் பழைய கதையை ஆரம்பித்தாள். அந்தப் பிள்ளை என் பக்கம் குனிந்தாள்.

"ஆச்சி, நீங்க சொல்லுங்க. என்ன சாப்பிட்டிய?"

"அவளுக்கு என்ன தெரியும்? நான் சொல்லுதேன்."

"இருங்கம்மா. மாத்திரை போடுதது அவங்கதான?"

"ஆறு நாளா உப்பு கிடையாது," என்று குழறினேன்.

எழுதிக்கொண்டிருந்தவள் அப்படியே ஓடிப்போய் டாக்டரைக் கூட்டி வந்தாள். மாத்திரையை நிறுத்தினார்கள். ரத்தம் எடுத்தார்கள், பாட்டில் ஏற்றினார்கள். ரத்தத்தில் லித்தியம் விஷமாக ஏறிக் கிடந்ததாம்.

நான் தெளிந்து, மாத்திரையை மறுபடி ஆரம்பித்ததும் அவள் விளக்கினாள். "உப்பு குறைஞ்சா கிட்னி இந்த மருந்தை வெளிய விடாது ஆச்சி, உடம்புலயே தேங்கிரும். அதுக்காக அள்ளியும் போடாதிய. எப்பவும்போலச் சாப்பிடுங்க, தண்ணி குடிங்க. மூட்டுவலின்னு கடையில மாத்திரை வாங்கிப் போட்டாலும் இது ஏறிரும். வாந்தி, பேதி, தள்ளாட்டம் வந்தா அடுத்த மாத்திரையைப் போடாம இங்க வந்துரணும்."

இரண்டு தடவை சொல்லச் சொல்லி மனப்பாடம் செய்துகொண்டேன்.

இந்த ஆடியிலும் கொடியேறியது. சொந்தக்காரர்கள் பத்துப் பேர் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். நாத்தனார் எல்லார் முன்னும் சொன்னாள்: "போன வருசம் இவ பாதியில கெடுத்தா. அதான் அம்மன் கண்ணத் தொறக்கல. ஏட்டி, இந்தத் தடவையாவது ஒழுங்கா விரதம் இரு. அந்த மாத்திரையையும் தள்ளி வையி."

எனக்குக் காது சுட்டது. அடுக்களைக்குள் போனேன். வழக்கமாகப் போனால் வெளியே வரமாட்டேன். அன்று உப்பு ஜாடியோடு வந்தேன்.

"நான் உப்புப் போட்டுத்தான் தின்பேன் மைனி. மாத்திரையும் போடுவேன்."

"சாமி குத்தம்ட்டி!"

"குத்தம்னா என்னையக் கேக்கட்டும். நான் பதில் சொல்லிக்கிடுதேன்."

மூலையிலிருந்த பெரியவர் ஒருவர் சிரித்தார். "ஆத்தாடி, இவளுக்கு வாய் இருக்கா!"

"இருக்கு அண்ணாச்சி. மைனிதான் இரவல் வாங்கி வச்சிருந்தாவ."

மருமகள் குனிந்த தலை நிமிரவில்லை. அவள்மேல் எனக்குப் பாசம் உண்டு. அவளுக்குப் பிள்ளை பிறக்க என் புத்தி கெட வேண்டும் என்று எந்தச் சாமியும் கேட்காது. கேட்டாலும் கொடுக்கமாட்டேன்.

தபசு முடியும்வரை நாத்தனார் என் முகத்தில் விழிக்கவில்லை. லித்தியம் அளவு பார்க்கும் ரத்தப் பரிசோதனைக்குத் தனியாகவே பஸ் ஏறினேன். முந்தின ராத்திரி மாத்திரை போட்டுப் பன்னிரண்டு மணி நேரம் கழித்துத்தான் ரத்தம் எடுக்க வேண்டும். காலை மாத்திரை அதற்குப் பிறகுதான். கையோடு கொண்டு போயிருந்தேன்.

"கூட யாரு வந்திருக்கா?" என்று டாக்டர் கதவுப் பக்கம் பார்த்தார்.

"யாரும் வரல. என்கிட்ட கேளுங்க," என்றேன்.