டோரீன் வீட்டு மஞ்சள் நாற்காலி

பனி கொட்டிய மறுநாள் பாஸ்டனில் யாரும் அடுத்தவர் நாற்காலியைத் தொடமாட்டார்கள். இடுப்பு ஒடியப் பனியை அள்ளி, கார் நிறுத்த இடம் செய்தவர் அங்கே ஒரு நாற்காலியைப் போட்டுவிட்டுப் போனால், திரும்பி வரும்வரை அந்த இடம் அவருடையது. அந்த ஊரின் டார்செஸ்டர் பகுதியில் இருபத்தேழு வருடம் பஸ் ஓட்டிய டோரீன் ஹான்ரஹனுக்கு இதைவிடப் பெரிய சட்டம் தெரியாது.

அன்று அவள் மருந்து வாங்கித் திரும்பியபோது, தன் இடத்தில் யாருடையதோ ஒரு நீலக் கார் நின்றது. அவள் போட்டுவிட்டுப் போன மஞ்சள் நாற்காலியைக் காணோம். மூன்று தெரு தள்ளிக் காரை விட்டுவிட்டு, வழுக்கி வழுக்கி நடந்து வந்தாள்.

"எவன் கை அது? விளங்குமா!"

அவள் வீட்டு இரண்டாம் மாடியில் வாடகைக்குக் குடியிருக்கும் லென்னி எட்டிப் பார்த்தான். "கத்தாதீங்க டோரீன். காலி மேல்மாடியை வாடகைக்குப் பார்க்க ஆளுங்க வந்தாச்சு, ஓடிடப் போறாங்க."

"ஓடட்டும். இந்த ஊர்ல காலி வீட்டுக்கா ஆள் பஞ்சம்?"

டோரீன் மாடி ஏறினாள். படியெல்லாம் ஆட்கள். எல்லோர் கையிலும் சம்பளச் சீட்டு, வங்கிக் கடிதம். அப்போது கீழ்க்கதவு திறந்தது. ஒல்லியான பெண் ஒருத்தி மூச்சு வாங்க ஏறி வந்தாள். அவள் கையில் மஞ்சள் நாற்காலி!

முதல் நாள் போனில் பேசிய கெத்தேவான் அவள். ஜார்ஜியா நாட்டிலிருந்து ஆஸ்பத்திரி லேபில் வேலைக்கு வந்தவள். இந்த நாட்டில் கடன் வாங்கிக் கட்டிய வரலாறு இல்லையென்று பதினேழு வீடுகளில் கைவிரித்திருந்தார்கள். சனிக்கிழமை புருஷனும் ஆறு வயது மகளும் வந்திறங்குகிறார்கள். அவளோ தோழி வீட்டு சோபாவில் கிடக்கிறாள்.

"அந்த நாற்காலி ஏது?" டோரீன் கேட்டாள்.

"ரோட்டுல இருந்துச்சு மேடம். இங்க வெளிய வச்சதை யார் வேணா எடுத்துக்கலாம்னு லேப்ல சொன்னாங்க."

லென்னி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "அது செப்டம்பர்ல, ஊரே வீடு மாத்துறப்போ! பனிக்காலத்துல எடுத்தா வெட்டுக்குத்துதான். அது இந்தம்மாவோட பார்க்கிங் இடம்!"

கெத்தேவானின் முகம் வெளுத்துப்போனது. பதினெட்டாவது வீடும் போயிற்று. நாற்காலியை மெல்ல இறக்கி வைத்தாள். வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"பனி அள்ளுற ஷவல் இருக்கா மேடம்? வேற இடம் பண்ணிக் குடுத்துட்டுப் போறேன்."

டோரீன் ஷவலை எடுத்துக் கொடுத்துவிட்டு, மற்றவர்களுக்கு வீட்டைக் காட்டினாள். ஒரு வருட வாடகையை முன்பணமாகவே தருகிறேன் என்றார் ஒருவர். அவள் காதில் விழவில்லை. கண் ஜன்னல் வழியே, கீழே பனி அள்ளுகிறவள் மேலேயே இருந்தது. ஒரே கேள்வி அவளைக் குடைந்தது. இரண்டு மணி நேரம் பொறுத்தவள், அதற்குமேல் தாங்காமல் கீழே இறங்கினாள்.

"ஏம்மா, வீடே கிடைக்கல. அதுக்குள்ள நாற்காலி எதுக்கு?"

கெத்தேவான் ஷவலில் சாய்ந்து நின்றாள். "என் பொண்ணு தினமும் போன்ல ஒண்ணுதான் கேக்குறா. 'அங்க நான் எங்கம்மா உட்காருவேன்?'னு. நான் என்ன சொல்வேன்? இதுலதான்னு காட்ட, அந்த ஒரு நாற்காலியாவது..." கண்ணீர் கன்னத்தில் இறங்கியது.

டோரீன் பனிமேட்டைக் காலால் தட்டிப் பார்த்தாள்.

"ஓரத்துல இன்னும் அள்ளு. என் கார் பெரிசு."

சொல்லிவிட்டு மேல்மாடிச் சாவியை அவள் கோட்டுப் பையில் போட்டாள்.

"பேப்பர் ஒண்ணுமில்லாதவளுக்கா?" என்றான் லென்னி.

"இங்கயே பொறந்தவன் அடுத்தவன் அள்ளின இடத்துல கூசாம நிறுத்திட்டுப் போறான். இவ தெரியாம எடுத்ததுக்குக் கை மரத்துப்போக அள்ளுறா. வேற என்ன பேப்பர்டா வேணும்?"

சனிக்கிழமை மாலை, மேல்மாடி ஜன்னலில் மூக்கை அழுத்திக்கொண்டு நின்ற சிறுமி தெருவைக் காட்டி ஏதோ கேட்டாள்.

"அந்த மஞ்சள் நாற்காலியில யார் உட்காருவாங்கன்னு கேக்குறா," என்றாள் கெத்தேவான்.

"யாரும் இல்ல. தொட்டுடாதேன்னு சொல்லு. அவ அம்மா பட்டது போதும்."

டோரீன் தன் சமையலறையிலிருந்து தூக்கி வந்த சிவப்பு நாற்காலியை ஜன்னலோரம் போட்டாள். சிறுமி ஏறி உட்கார்ந்தாள். கால் தரையை எட்டவில்லை.