ஞானி ஆக்கப்பட்ட கணக்கு வாத்தியார்

சின்ன காஞ்சிபுரத்தில் ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியர் சக்ரவர்த்தி, 2004ஆம் ஆண்டு கோடையில் ஞானி ஆனார். அவராக ஆகவில்லை. தெருக்காரர்கள் ஆக்கினார்கள்.

முதலில் காபியை விட்டார். பிறகு செய்தித்தாளை, கோயிலில் பிரபந்தம் சொல்லும் கோஷ்டியை, கடைசியில் பேச்சையே விட்டார். எதிர்வீட்டு நாராயண், வங்கியில் வேலை பார்த்து ஓய்ந்தவர், இது வைராக்கியம் என்றார். சாப்பாட்டை ஒதுக்கினால் உபவாசம். கூப்பிட்டும் திரும்பாவிட்டால் யோகம். கொல்லைக் கிணற்றை எட்டிப் பார்த்தபடி நெடுநேரம் நின்றதற்கும் நாராயணிடம் விளக்கம் இருந்தது: ஸ்வாமி பரமாத்மாவைத் தேடுகிறாராம். சனிக்கிழமைகளில் சிலர் பழத்தட்டோடு வந்து சேவித்தார்கள். அவர் ஆசீர்வதிக்கவில்லை. அதனால் கூட்டம் இன்னும் கூடியது.

பற்றற்றவனுக்கும் நொந்தவனுக்கும் உள்ள வேறுபாட்டை நூல்கள் நுணுக்கமாகப் பேசுகின்றன. உட்கார்ந்திருக்கும்போது இருவரும் ஒரே மாதிரிதான் தெரிகிறார்கள். சக்ரவர்த்தியின் மனைவி அம்ருதவல்லிக்கு மட்டும் வேறுபாடு தெரிந்தது. கணவர் கிணற்றுப் பக்கம் போகும்போதெல்லாம் அடுப்பை அணைத்துவிட்டுப் பின்னால் ஓடியவர் அவர்தான்.

சக்ரவர்த்தி சர்க்கரைக்கு மாத்திரை வாங்கும் சிறு மருத்துவமனையில் ஓர் ஏற்பாடு இருந்தது. மரியம்மாள் என்ற ஊழியர் முதியவர்களை வீடு தேடிச் சென்று விசாரிப்பார். டாக்டர் மருந்து எழுதுவார். சென்னையிலிருந்து ஒரு மனநல மருத்துவர் தொலைபேசியில் இருவரிடமும் கேட்டு யோசனை சொல்வார். பெருமாளைப் போல இவரும் நேரில் வராமலே காரியம் பார்ப்பவர்.

மரியம்மாளை நாராயண் வாசலிலேயே மறித்தார். "நீ எதுக்கும்மா உள்ள வரே? ஸ்வாமி யோகத்துல இருக்கார்."

"யோகத்துல இருந்தா சுகர் ஏறாதா சாமி? வழி உடுங்க."

விரலில் குத்திப் பார்த்துவிட்டுத் தூக்கம், பசி என்று விசாரித்தார். பிறகு அதே குரலில் கேட்டார்: "செத்துப் போயிடலாம்னு தோணுதா சாமி?"

"அபசாரம்! பெரியவாகிட்ட இப்படியா கேக்கறது?" என்று நாராயண் பதறினார்.

"தினமும் தோணறது" என்றார் சக்ரவர்த்தி.

நாராயண் இதற்கு விளக்கம் தேடிக்கொண்டிருந்தபோதே அம்ருதவல்லி ஆளை வரவழைத்துக் கிணற்றுக்கு இரும்பு வலை போட்டுவிட்டார். அன்றே டாக்டரும் வந்து பார்த்து மாத்திரை எழுதினார்.

"மாத்திரை ஸத்வ குணத்தைக் கெடுத்துடும், மாமி" என்றார் நாராயண்.

"முதல்ல உங்க பிரஷர் மாத்திரையை நிறுத்துங்கோ. அப்புறம் வந்து சொல்லுங்கோ."

மாத்திரை சாப்பிட்டும் சில வாரங்கள் ஒரு மாற்றமும் இல்லை. மரியம்மாள் அதைப் போய்ச் சொல்ல, சென்னைக்காரர் யோசனைப்படி டாக்டர் மருந்தைக் கூட்டினார். சக்ரவர்த்திக்கு முன்பு பிடித்த ஏதாவது ஒன்றை அவரைத் தினமும் செய்யவைக்க வேண்டும் என்றார் மரியம்மாள். நந்தவனத்தில் பூப் பறிக்கலாமே என்றும் சொன்னார்.

"பூவெல்லாம் அவருக்கு வேப்பங்காய்ம்மா." அம்ருதவல்லி தெருவைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "சீட்டாட்டம்தான் பிடிக்கும்."

பிள்ளையார்பாளையத்து நெசவாளர் வேலாயுதம் பழைய சீட்டுக் கூட்டாளி. தறியிலிருந்து எழுந்ததும் மாலையில் வந்துவிடுவார். முதல் வாரம் இருவர் கையையும் அவரே ஆடினார். அவரே தோற்று, அவரே கோபித்துக்கொண்டார். இரண்டாம் வாரம் சக்ரவர்த்தி ஒரு சீட்டைக் கீழே போட்டார். முழுதும் தேறிவிட்டார் என்று சொல்ல மாட்டேன். சில காலைகளில் சுவரைப் பார்த்தபடிதான் இருந்தார். அன்றெல்லாம் மரியம்மாளுக்குத் தொலைபேசி போகும்.

தை மாதச் சனிக்கிழமை ஒன்றில், வாலாஜாபாத்திலிருந்து ஒரு தம்பதியை ஞானியைச் சேவிக்க அழைத்து வந்தார் நாராயண். கூடத்தில் ஞானியின் குரல் கேட்டது.

"யோவ், போட்ட சீட்டை ஏன்யா திரும்ப எடுக்கறே?"

"சும்மா பாத்துக்கினு இருந்தேன் சாமி."

"பாக்கறவன் எதுக்குக் கையில சொருகறே? திருட்டுப் பயலே!"

நாராயண் தூணைப் பிடித்துக்கொண்டார். "மாமி, ஞானமெல்லாம் போயிடுத்தே!"

"போகட்டும். மனுஷன் இருக்காரோல்லியோ?"

சக்ரவர்த்தி வாலாஜாபாத்காரரை நிமிர்ந்து பார்த்தார். "உமக்கு ரம்மி தெரியுமா?"

வந்தவர் தம் மனைவியைப் பார்த்தார். பிறகு பழத்தட்டை நாராயணிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார்.